பூக்கிறது, காய்க்கவில்லை – வீட்டுத்தோட்டம்: வாசகர் கேள்வி பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே முறைப்பாடுதான்: கொடி நிறையப் பூ, பறிக்கக் காய் இல்லை. எழுதிய எல்லோருக்கும் பசளை மேல்தான் சந்தேகம். நாங்கள் முதலில் கேட்பது வேறு. அந்தப் பூ எத்தனை மணிக்கு விரிகிறது? அந்த நேரத்தில் அதைத் தேடி எந்தப் பூச்சி வருகிறது? கொழும்பில், அதுவும் தொடர்மாடிகளில், பெரும்பாலான தோட்டங்கள் இந்த இரண்டு கேள்வியில்தான் தடுக்கி விழுகின்றன.

கேள்வி: ஐந்தாம் மாடிப் பல்கனியில் இரண்டு பாகல் கொடி வைத்திருக்கிறேன். விதைத்து இரண்டு மாதம். தினமும் பத்து இருபது பூ விரிந்து எல்லாம் உதிர்கின்றன. இரண்டு தரம் யூரியா போட்டேன், இலைதான் செழித்தது. வந்த ஒன்றிரண்டு பிஞ்சும் மஞ்சளாகிச் சுருண்டு விழுந்துவிட்டன. – வாசகி, வெள்ளவத்தை

உதிர்கிற பூக்களில் அனேகமானவை ஆண் பூக்கள். அவை உதிரத்தான் வேண்டும், அதற்காகக் கவலைப்படாதீர்கள். பாகல், பூசணி, வெள்ளரி, புடோல், பீர்க்கு, சுரை எல்லாவற்றிலும் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு; இரண்டும் ஒரே கொடியில் இருக்கும். முதல் ஒன்றிரண்டு கிழமைக்கு ஆண் பூ மட்டுமே வரும். அதன் பிறகும் பாகலில் பத்து ஆண் பூவுக்கு ஒரு பெண் பூ, சில வேளை இருபதுக்கு ஒன்று. ஆண் பூ மெல்லிய நீண்ட காம்பில் தனியே நிற்கும். பெண் பூவின் இதழுக்குக் கீழே ஒரு குட்டிப் பாகற்காய், சொரசொரப்போடு, பார்த்தவுடனே தெரியும்.

உங்களுக்கு உண்மையான இழப்பு அந்தச் சுருண்ட பிஞ்சுகள்தான். பெண் பூ விரிந்த அன்று அதற்கு மகரந்தம் கிடைக்கவில்லை. யூரியாவால் அதைக் கொடுக்க முடியாது. நைதரசன் கூடினால் இலையும் ஆண் பூவும்தான் கூடும்.

கையால் சேர்த்துவிடுங்கள். முதல் நாள் மாலை கொடியைச் சுற்றிப் பாருங்கள். நுனியில் மஞ்சள் எட்டிப் பார்க்கும் பெண் மொட்டு மறுநாள் விடியும்போது விரியும். மத்தியானத்துக்குள் மகரந்தத்தின் வீரியம் போய்விடும் என்பதால் காலை 6 மணிக்கும் 8.30க்கும் இடையில் வேலை முடிய வேண்டும். அன்று விரிந்த ஆண் பூ இரண்டைக் காம்போடு கிள்ளுங்கள். நடுவிலுள்ள செம்மஞ்சள் முடிச்சைக் கைப்பேசியின் கறுப்பு உறையில் மெல்ல ஒற்றிப் பார்த்தால் மஞ்சள் பொடி ஒட்டும். ஒட்டாவிட்டால் அரை மணி நேரம் பொறுங்கள். இரவு மழையில் நனைந்த பூவாக இருந்தால் விட்டுவிடுங்கள். தண்ணீர் பட்ட மகரந்த மணிகள் வெடித்துப் போயிருக்கும்.

ஆண் பூவின் இதழ்களைப் பின்னால் மடித்துவிட்டு, அந்த முடிச்சைப் பெண் பூவின் குறியில் தடவுங்கள். குறி என்பது பெண் பூவின் நடுவே பச்சையாய், மூன்று பிரிவாய்த் தெரியும் பகுதி. மூன்று பிரிவிலும் படவேண்டும் என்பதுதான் இந்த வேலையின் உயிர்நாடி. ஒரு பக்கம் மட்டும் பட்டால் அந்தப் பக்கத்தில்தான் விதை பிடிக்கும், விதை பிடித்த பக்கம்தான் வளரும். காய் அரிவாளாக வளைவதற்குப் பல வேளை காரணம் இதுவே. வத்தகைப் பழம் ஒரு பக்கம் சப்பையாக வருவதும் இப்படித்தான். அதன் ஒரு பூவுக்கு 500 முதல் 1000 மகரந்த மணி வரை தேவை, ஒரு தேனீ ஒருமுறை வந்துபோனால் போதாது.

முடிந்ததும் காம்பில் நிற நூல் ஒன்றைக் கட்டுங்கள். நான்காம் நாள் காம்பு தடித்துப் பிஞ்சு கீழ்நோக்கித் தொங்கினால் பிடித்துவிட்டது. பன்னிரண்டு, பதினைந்து நாளில் பறிக்கலாம். யூரியாவை நிறுத்திவிட்டு, 20 லீற்றர் சாடிக்கு ஒரு தேக்கரண்டி மியூறியேற் பொட்டாசை இரண்டு கிழமைக்கு ஒருமுறை ஓரமாகத் தூவி நீர் விடுங்கள்.

இன்னொன்று. கடற்பக்கம் பார்த்த பல்கனியில் காற்று ஓயாமல் அடித்தால் தேனீ வந்தாலும் பூவில் கால் ஊன்ற முடியாது. காற்று வரும் பக்கத்தில் இடுப்பளவுக்கு நிழல்வலை கட்டினால் கொடிக்கும் நல்லது, வருகிற பூச்சிக்கும் நல்லது.

கேள்வி: நான் பாகலுக்குக் கையால் மகரந்தம் சேர்த்தே வருகிறேன். காய் விரலளவு வந்த பிறகு மஞ்சளாகி வளைகிறது. என்ன பிழை? – வாசகர், மட்டக்குளி

காயை நீளவாக்கில் வெட்டிப் பாருங்கள். வெள்ளைப் புழு நெளிந்தால் அது பழ ஈயின் வேலை, உங்கள் கையில் பிழை இல்லை. மகரந்தம் கிடைக்காத பிஞ்சு பூ விரிந்து மூன்று நான்கு நாளில் சுருங்கிவிடும். தோலில் காயம் இருக்காது. பழ ஈ குத்திய காயில் ஊசி முனை போல ஒரு துளையும் அதில் பசை போன்ற கசிவும் இருக்கும்.

பிஞ்சு இரண்டு மூன்று சென்ரிமீற்றர் வந்ததும் செய்தித்தாளை இரண்டு மடிப்பாகச் சுற்றி, மேல்பக்கம் கட்டி, அடிப்பக்கம் சற்றுத் திறந்து விடுங்கள். இதற்கு மிஞ்சிய மருந்து இல்லை. குத்துப்பட்ட காய்களைக் கூட்டெருக் குவியலில் போடவே கூடாது: புழு மண்ணில் இறங்கிக் கூட்டுப்புழுவாகி மறுபடி ஈயாக எழும்பும். கறுப்புப் பொலித்தீன் பையில் இறுக்கிக் கட்டி ஒரு கிழமை வெயிலில் வையுங்கள்.

கேள்வி: எங்கள் மதிலோரப் புடோல் பந்தலில் காலையில் தேனீ வருவதைப் பார்க்கிறேன். ஆனாலும் காய் பிடிப்பது குறைவு. பாகலில் அப்படி இல்லை. – வாசகி, தெஹிவளை

புடோல் இராக்காரன். அதன் வெள்ளைப் பூ பொழுது பட்ட பிறகுதான் விரியும். ஓரங்களில் நூல் நூலாகப் பிரிந்து பரவும் அந்த இதழ்கள் இருட்டில் அந்துப்பூச்சிக்குத் தெரிவதற்கென்றே அமைந்தவை. நீங்கள் காலையில் காணும் தேனீ மிச்சம் மீதியைப் பொறுக்க வருகிறது. அதற்குள் பூ வாடத் தொடங்கியிருக்கும். சுரையும் அப்படியே மாலையில் விரிவது. பீர்க்கு மஞ்சள் பூவாக இருந்தாலும் பின்னேரம் ஐந்து மணிக்குப் பிறகுதான் கண் திறக்கும். பூசணி, பாகல், வெள்ளரி மூன்றும் காலைக்காரர்.

பந்தலுக்கு மேலே விடிய விடிய எரியும் பாதுகாப்பு விளக்கு இருக்கிறதா என்று பாருங்கள். வெளிச்சத்தைச் சுற்றும் அந்து பூவுக்கு வராது. சுவிற்சர்லாந்தில் நடந்து 2017இல் வெளியான ஓர் ஆய்வில், தெருவிளக்கு போன்ற விளக்குகளை வைத்த புல்வெளிகளில் இரவுப் பூச்சிகள் பூக்களுக்கு வருவது 62 சதவீதம் குறைந்திருந்தது. விளக்கைத் திசை மாற்றுங்கள், அல்லது ஆள் நடமாடினால் மட்டும் எரியும் விளக்கைப் போடுங்கள்.

அதுவரை ஒரு டோர்ச் லைற்றோடு இரவு 7 மணிக்கும் 9க்கும் இடையில் பந்தலடிக்குப் போய்க் கையால் சேர்க்கலாம். ஆண் பூக்கள் ஒரு நீண்ட தண்டில் வரிசையாக இருக்கும், ஓர் இரவில் ஒன்றோ இரண்டோதான் விரியும். பிஞ்சின் நுனியில் சின்னக் கல் கட்டுவது நேராக வளரச் செய்யும் பழைய முறை, நல்ல முறை. ஆனால் மகரந்தம் கிடைக்காத பிஞ்சில் கல் கட்டிப் பயனில்லை, பாரம் தாங்காமல் விழும்.

கேள்வி: கத்தரியும் தக்காளியும் சாடியில். இரண்டிலும் பூ கொட்டுகிறது. பக்கத்துக் காணியில் தேனீக்கூடு இருக்கிறது, தேனீ எங்கள் துளசிக்கு வருகிறது, கத்தரியைத் திரும்பியும் பார்ப்பதில்லை. – வாசகர், கொட்டாஞ்சேனை

கூர்ந்து கவனித்திருக்கிறீர்கள். கத்தரிப் பூவிலும் தக்காளிப் பூவிலும் தேன் இல்லை. மகரந்தமும் வெளியே தெரிய நிற்பதில்லை. கத்தரிப் பூவின் நடுவில் மஞ்சளாகக் குவிந்து நிற்கும் மகரந்தக்கூடுகளை ஒரு கைவில்லை வைத்துப் பாருங்கள்: ஒவ்வொன்றின் நுனியிலும் ஊசித் துளை மாதிரி ஓர் ஓட்டை. உப்புப் போத்தல் போலத்தான், குலுக்கினால்தான் கொட்டும். குலுக்குவது எப்படி? கருவண்டும் (மரத்தையோ மூங்கிலையோ குடைந்து வாழும் பெரிய கறுப்புத் தேனீ), வயிற்றில் நீல வரி போட்ட காட்டுத் தேனீயும் பூவைக் கவ்விப் பிடித்து, சிறகை மடித்தபடியே நெஞ்சுத் தசையை நொடிக்குச் சில நூறு முறை அதிர வைக்கும். அப்போது ஒரு கூர்மையான ரீங்காரம் கேட்கும், மகரந்தம் புகையாகக் கொட்டும். வீட்டுத் தேனீக்கும் கொசுத்தேனீக்கும் இந்த வித்தை தெரியாது. பெட்டி பெட்டியாகத் தேனீ வைத்தாலும் கத்தரிக்கு அதனால் பெரிய இலாபம் இல்லை.

பற்றரியில் ஓடும் பல்துலக்கி இருந்தால் அந்த வண்டின் வேலையை நீங்களே செய்யலாம். காலை 9 மணிக்கும் 11க்கும் இடையில், பனி காய்ந்த பிறகு, துலக்கியின் பின்பக்கத்தைப் பூவின் காம்பில் இரண்டு மூன்று விநாடி தொட்டுப் பிடியுங்கள். இதழில் வைக்காதீர்கள், கிழியும். ஒரு நாள் விட்டு ஒரு நாள் செய்தால் போதும். ஈரமான காலையில் மகரந்தம் கட்டிபட்டு இறங்காது. வெயில் வந்தபின் திரும்பச் செய்யுங்கள்.

கத்தரியில் எல்லாப் பூவும் காய்க்காது என்பதையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். சில பூக்களில் தம்பம் (குறியைத் தாங்கும் தண்டு) நீண்டு, பச்சைக் குறி மஞ்சள் குவியலுக்கு வெளியே தலை நீட்டும். அவை காய்க்கும். சில பூக்களில் தம்பம் குட்டையாகி உள்ளேயே ஒளிந்திருக்கும். அவை எப்படியும் உதிரும். நீண்ட தம்பப் பூவே உதிர்ந்தால்தான் யோசிக்க வேண்டும்.

தக்காளியின் கதை சற்று வேறு. அதற்குக் காற்றின் ஆட்டமே ஓரளவு போதும். கொழும்பில் அதைக் கெடுப்பது சூடு. பகலில் 32 பாகை செல்சியசைத் தாண்டி, இரவிலும் 24க்குக் கீழே இறங்காத நாட்கள் தொடர்ந்தால் மகரந்தமே நலிந்துவிடும். எத்தனை வண்டு வந்தாலும் பூ நிற்காது. ஏப்ரல், மே மாதப் பூவில் நம்பிக்கை வைக்காதீர்கள். ஒக்டோபர் கடைசியில் நாற்று மேடை போட்டால் இரவு சற்றுக் குளிரும் டிசம்பர், ஜனவரியில் பூ வரும்.

கருவண்டைக் கூப்பிட விருப்பமானால்: காய்ந்த மூங்கிலை 20 முதல் 25 சென்ரிமீற்றர் துண்டுகளாக, ஒரு முனையில் கணு மூடியிருக்கும்படி வெட்டுங்கள். உள் துளை 12 முதல் 15 மில்லிமீற்றர் இருக்கட்டும். ஏழெட்டைக் கட்டாகக் கட்டி, மழை படாத கூரை விளிம்பின் கீழே, ஆடாமல், படுக்கையாக வையுங்கள். கறுத்து மினுங்கி இரைந்து வரும் வண்டைக் கண்டு பயந்து தும்புத்தடியை எடுக்க வேண்டாம். ஆண் வண்டுக்குக் கொடுக்கே கிடையாது, பெண் வண்டு கையில் பிடித்து நசுக்கினாலொழியக் கொட்டாது. முருங்கைப் பூவுக்கும் பெரிய உதவி இதே வண்டுதான்.

கேள்வி: கொடித்தோடை மதில் முழுக்கப் படர்ந்து நூற்றுக்கணக்கில் பூக்கிறது. மூன்று வருடத்தில் பத்துப் பழம்கூட இல்லை. ஒரேயொரு கொடிதான் இருக்கிறது. – வாசகி, நுகேகொடை

கடைசி வசனத்திலேயே விடை இருக்கிறது. கொழும்புப் பக்கம் வளர்வது பெரும்பாலும் மஞ்சள் கொடித்தோடை. அது தன் மகரந்தத்தைத் தானே ஏற்காது. அதே கொடியிலிருந்து தடி வெட்டி நட்டாலும் அது அதே கொடிதான், உதவாது. வேறு பழத்தின் விதையிலிருந்து முளைத்த இன்னொரு கொடி வேண்டும். இடம் இல்லையென்றால் அயலில் யாரிடமாவது கொடி இருக்கிறதா என்று கேளுங்கள். நாலு பூவைக் கொண்டுவந்தால் போதும்.

பூ மத்தியானத்தை ஒட்டி விரியும். விரிந்தவுடன் மூன்று தம்பமும் மேல்நோக்கி நிற்கும், ஒரு மணி நேரத்துக்குள் மகரந்தக்கூட்டின் மட்டத்துக்கு வளைந்து இறங்கும். அந்த வளைவுக்குப் பிறகு, ஏறக்குறைய பின்னேரம் 1.30இலிருந்து 5 மணிவரை, மற்றக் கொடியின் மகரந்தத்தை விரல் நுனியால் மூன்று குறியிலும் ஒற்றுங்கள். வளையாமலே நிற்கும் பூக்கள் சில உண்டு, அவற்றில் நேரத்தைச் செலவழிக்க வேண்டாம். ஒற்றியபின் ஒன்றிரண்டு மணி நேரமாவது மழை படக்கூடாது. பின்னேர மழைக் காலத்தில் சின்னப் பொலித்தீன் பையைக் குல்லாய் போலக் கவிழ்த்துவிடலாம்.

கருவண்டு வரும் தோட்டமென்றால் இரண்டாவது கொடி வைத்தாலே போதும். மகரந்தக்கூட்டுக்கும் தேனுக்கும் இடையில் புகுந்து முதுகில் பொடியைச் சுமக்கிற அளவு உடம்பு அதற்குத்தான் இருக்கிறது. சின்னத் தேனீக்கள் குறியைத் தொடாமலே மகரந்தத்தை வழித்துக்கொண்டு போய்விடும். பகல் 12 மணிக்கே தேனீ மொய்த்துப் பூவை வெறுமையாக்கினால், விரியப்போகும் மொட்டுச் சிலவற்றைக் காகிதப் பையால் மூடி உங்களுக்கென்று வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: தேனீக்குத் தண்ணீர் வைத்தேன். பீ.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வந்து டெங்கு நுளம்பு உருவாகும் என்று எச்சரித்துவிட்டுப் போனார். புகை அடிக்கும்போது தேனீக்கு என்ன ஆகும்? – வாசகர், கிருலப்பனை

பீ.எச்.ஐ. சொன்னது சரி. டெங்கு நுளம்பு முட்டையிலிருந்து பறக்கும் நுளம்பாக ஏழு முதல் பத்து நாள் போதும். தேனீக்கு நீரும் வேண்டும், வீட்டுக்கு ஆபத்தும் கூடாது என்றால் அகன்ற மண்சட்டியில் கூழாங்கல் நிரப்பி, கல்லின் தலை வெளியே தெரியும் அளவுக்கு மட்டும் நீர் விடுங்கள். தேனீக்கு இறங்க மேடை வேண்டும், ஆழம் இருந்தால் விழுந்து சாகும். தினமும் காலையில் நீரைக் கொட்டி, சட்டியின் உட்சுவரைத் தேய்த்துக் கழுவி நிரப்புங்கள். முட்டை சுவரில்தான் ஒட்டியிருக்கும், நீரை மாற்றுவது மட்டும் போதாது. ஊருக்குப் போகும் நாட்களில் சட்டியைக் கவிழ்த்துவிட்டுப் போங்கள்.

புகை தேனீயையும் கொல்லும். நுளம்பு கடிக்கும் நேரம் பார்த்து அதிகாலையிலும் பொழுது படும் வேளையிலும் அடிக்கிறார்கள். ஒன்று பூசணிப் பூவுக்குப் பூச்சி வரும் நேரம், மற்றது பீர்க்குக்கும் புடோலுக்கும் வரும் நேரம். ஆனால் டெங்கு உயிர்க் கொல்லி, ஆகவே புகையைத் தடுக்கச் சொல்ல மாட்டோம். அறிவித்தல் கிடைத்தால், தேனீப் பெட்டி வைத்திருப்பவர்கள் வெளிச்சம் வருமுன் வாசலைக் கம்பிவலையால் அடைத்து ஈரச் சாக்குப் போடுங்கள். புகை கலைந்ததும், வெயில் ஏறுமுன், திறந்துவிட வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே வெந்துபோகும். அடுத்த இரண்டு நாளைக்குக் கொடிகளுக்குக் கையால் மகரந்தம் சேருங்கள். புகையே தேவைப்படாத அளவுக்கு உங்கள் ஒழுங்கையில் தேங்கும் நீரை அகற்றுவதுதான் தேனீக்கும் பெரிய உதவி.

கேள்வி: தேனீ அழிந்தால் நான்கு வருடத்தில் மனித இனம் அழியும் என்று ஐன்ஸ்டைன் சொன்னதாக ஆசிரியர் கூறினார். உண்மையா? – பாடசாலை மாணவி, பம்பலப்பிட்டி

ஐன்ஸ்டைன் அப்படிச் சொன்னதற்கு எந்த ஆதாரமும் இல்லை. பசியால் எல்லோரும் சாகவும் மாட்டோம். நெல்லும் சோளமும் காற்றையோ தம்மையோ நம்பி விளைகின்றன. மரவள்ளி தடியிலிருந்து வருவது, நாம் உண்ணும் வாழைப்பழத்துக்கு மகரந்தமே வேண்டாம். ஆனால் உன் சாப்பாட்டுத் தட்டைப் பார். சோற்றைச் சுற்றி இருக்கிற பூசணிக்கறி, பாகற்காய்ப் பொரியல், மாங்காய்ச் சம்பல் எல்லாம் பூச்சியின் கொடை. உலகின் முக்கியமான 115 உணவுப் பயிர்களை ஆராய்ந்து 2007இல் வெளியான கணக்கில், 87 பயிர்கள் ஏதோவொரு அளவில் விலங்குகளின் மகரந்தச் சேர்க்கையில் தங்கியிருந்தன. நிறையளவில் பார்த்தால் உலக உற்பத்தியில் அவற்றின் பங்கு 35 சதவீதம். அந்தப் பங்கில்தான் உயிர்ச்சத்துகள் கூடுதலாக இருக்கின்றன.

தேனீ மட்டும் பூச்சி இல்லை என்பதையும் வகுப்பில் சொல். கொக்கோப் பூவுக்கு உள்ளே போவது ஒரு சில மில்லிமீற்றரே உள்ள சிற்றீ. அது உக்கும் இலைக்குள் வளர்வதால் தோட்டத்தைத் துப்புரவாகக் கூட்டினால் கொக்கோ காய்ப்பது குறையும். மலேசியாவில் எண்ணெய்ப் பனைக்கு ஆள் வைத்துக் கையால் மகரந்தம் தூவினார்கள். 1981இல் மேற்கு ஆபிரிக்காவின் கமரூனிலிருந்து அந்தப் பனையின் சொந்த வண்டைக் கொண்டுவந்து விட்ட பிறகு அந்த வேலை தேவைப்படவில்லை. வனிலா மெக்சிக்கோவின் கொடி. வேறு நாடுகளில் பூத்தும் காய்க்காமல் இருந்தது. 1841இல் றியூனியன் தீவில் எட்மண்ட் அல்பியஸ் என்ற பன்னிரண்டு வயது அடிமைச் சிறுவன்தான் ஒரு சிறு குச்சியாலும் பெருவிரலாலும் அதற்கு மகரந்தம் சேர்க்கும் வழியைக் கண்டான். இன்றும் உலகம் அவன் காட்டிய வழியில்தான் வனிலா விளைவிக்கிறது. உன் வயதுதான் அவனுக்கு.

கேள்வி: மின்மானிப் பெட்டிக்குப் பக்கத்துச் சுவர் ஓட்டையில் மெழுகுக் குழாய் நீட்டிக்கொண்டு கொசு மாதிரி ஈக்கள் போய்வருகின்றன. மேலே தண்ணீர்த் தாங்கியின் அடியில் பெரிய தேனடை ஒன்றும் தொங்குகிறது. இரண்டையும் எரித்துவிட வேண்டும் என்கிறார் காவலாளி. – வாசகர், தெமட்டகொடை

இரண்டையும் ஒன்றாகப் பார்க்க வேண்டாம். சுவரில் இருப்பது கொசுத்தேனீ. அதற்குக் கொடுக்கு இல்லை. கோபம் வந்தால் தலைமயிருக்குள் புகுந்து கடிக்கும், அவ்வளவுதான். சில நூறு மீற்றருக்குள் சுற்றும் இந்தச் சின்ன உயிர் உங்கள் கட்டடத்துச் சாடிகளுக்கெல்லாம் காவல் தெய்வம். சுவரைப் பூசும்போது அந்தக் குழாயை மட்டும் மூடிவிடாதீர்கள் என்று மேசனிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

மேலே தொங்குவது பெருந்தேனீ, சிங்களத்தில் பம்பரா என்பார்கள். சீகிரியாவில் கூட்டமாக வந்து பயணிகளைக் கொட்டுவது இந்த இனம்தான். அருகே புகை போடுவது, கல் எறிவது, பிரகாசமான விளக்குப் போடுவது கூடாது. எரித்தால் கீழே நடப்பவர்களைக் கொட்டும், ஆளும் சாகலாம். ஆள் நடமாட்டம் இல்லாத உயரமென்றால் அப்படியே விடுங்கள்: இவை இடம் மாறும் இனம், சில மாதத்தில் தாமாகவே அடையை விட்டுப் போய்விடும். படிக்கட்டுக்கோ பிள்ளைகள் விளையாடும் இடத்துக்கோ கிட்ட இருந்தால் அனுபவமுள்ள தேனீ வளர்ப்பாளரைக் கொண்டு இரவில் அகற்றுங்கள். வழிகாட்டலுக்கு விவசாயத் திணைக்களத்தின் 1920 இலக்கம் இருக்கிறது.

பெட்டித் தேனீயை ஐந்தாறு மாடித் தொடர்மாடியில் வளர்க்கலாமா என்று வேறு இருவர் கேட்டிருந்தார்கள். வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. இரவில் விளக்குக்கு வந்து அயல் வீடுகளுக்குள் விழும், கொட்டினால் ஒவ்வாமையுள்ளவருக்கு ஆபத்து. மண்பானையில் கொசுத்தேனீ வளர்ப்பது இடத்துக்கும் பயிருக்கும் பொருத்தம்.

கேள்வி: வெண்டியிலும் பயிற்றையிலும் அழுக்கணவன். என்ன அடிக்கலாம், எப்போது அடிக்கலாம்? – வாசகி, கொலன்னாவை

ஒரு லீற்றர் நீருக்கு 5 மில்லிலீற்றர் வேப்பெண்ணெய். முதலில் எண்ணெயை 2 மில்லிலீற்றர் திரவச் சவர்க்காரத்தோடு குழைத்துவிட்டு நீரை ஊற்றுங்கள், இல்லாவிட்டால் எண்ணெய் மிதந்து இலையைக் கருக்கும். பின்னேரம் 5.30க்குப் பிறகு, இலையின் அடிப்பக்கத்தில் மட்டும், பூவில் படாமல் அடியுங்கள். வெண்டிப் பூ மாலையில் மூடிவிடும். பயிற்றையின் பூ விரியுமுன்பே தன்னுள் சேர்க்கையை முடித்துக்கொள்வது, அதனால் அந்த இரண்டிலும் உங்களுக்கு விளைச்சல் குறையாது. பந்தலில் பக்கத்தில் புடோலோ பீர்க்கோ இருந்தால் அந்த நேரம் வேண்டாம். அவற்றின் பூ விரியுமுன், நாலரைக்கே முடித்துவிடுங்கள்.

இமிடாகுளோபிரிட், தயமெதொக்சாம் போன்ற பூச்சிகொல்லிகளைப் பூக்கும் பயிருக்கு வாங்கவே வேண்டாம். அவை வேரிலும் இலையிலும் ஏறிப் பூவின் தேனுக்கும் மகரந்தத்துக்கும் போய்ச் சேரும். எந்த நேரத்தில் அடித்தாலும் பயனில்லை, மறுநாள் வரும் தேனீ அதைத்தான் குடிக்கும். ஐரோப்பிய ஒன்றியம் 2018இல் திறந்த வயல்களில் இவற்றைத் தடை செய்தது இதற்காகவே. கடைக்காரர் பெயர் சொல்லாமல் 'நல்ல மருந்து' என்று பொட்டலம் கட்டித் தந்தால் வாங்காதீர்கள். சீட்டில் உள்ள பெயரை வாசித்துவிட்டே காசு கொடுங்கள்.

கேள்வி: கறுத்தக்கொழும்பான் மாமரம் பூத்து இலையான் மொய்க்கிறது. புகை போட்டுத் துரத்தலாமா? – வாசகர், இரத்மலானை

துரத்தாதீர்கள்! மாம்பூவுக்கு மகரந்தம் சேர்ப்பதில் தேனீயைவிட ஈக்களின் பங்குதான் பெரிது. அதற்காகவே தோட்டத்தில் மீன் கழிவு வைத்து ஈயை அழைக்கும் மாந்தோட்டக்காரர்கள் வெளிநாடுகளில் உண்டு. ஒரு கொத்தில் ஆயிரக்கணக்கில் பூ இருந்தாலும் பெரும்பகுதி ஆண் பூ, அவை உதிர்வது இயல்பு. பூங்கொத்து மழைக்குப் பிறகு கறுத்துக் கருகினால் அது பூஞ்சணம், ஈயின் குற்றமில்லை.

கேள்வி: பூசணிக்குப் பக்கத்தில் பாகல் நட்டால் பூசணி கைக்கும் என்கிறார் மாமியார். போன வருடப் பூசணி விதையை முளைக்க வைத்தால் காய் வேறு மாதிரி வருகிறதே, அதுவும் இதனாலா? – வாசகி, கல்கிசை

பாகலின் மகரந்தம் பூசணியில் ஒட்டினாலும் சேராது. இரண்டும் தூரத்து உறவு. வேறு பூசணி இனத்தின் மகரந்தம் சேர்ந்தாலும் அந்த வருடக் காயின் சதை மாறாது, ஏனென்றால் சதை தாய்க்கொடியினுடையது. மாற்றம் விதைக்குள் இருக்கும். அடுத்த வருடம் அந்த விதையை நட்டபோது நீங்கள் கண்டது அதைத்தான். கடையில் வாங்கிய கலப்பின விதையின் காயிலிருந்து எடுத்ததென்றாலும் இப்படித்தான் வரும். ஆனால் மாமியார் சொல்வதில் ஒரு எச்சரிக்கை இருக்கிறது: சுரையோ பூசணியோ வெள்ளரியோ சமைக்கும்போது கடுமையாகக் கைத்தால் ருசிக்காகச் சகித்துச் சாப்பிட வேண்டாம், கொட்டிவிடுங்கள். அந்தக் கசப்பு வயிற்றைக் கெடுக்கும் நஞ்சு.

இனம் மாறாத விதை வேண்டுமென்றால், நாளை விரியப்போகும் ஆண் மொட்டு இரண்டையும் பெண் மொட்டு ஒன்றையும் முதல் நாள் மாலையே நுனியில் நூலால் கட்டிவிடுங்கள். தேனீ புகாது. காலை 6.30 போல மூன்றையும் அவிழ்த்து, ஆண் பூ இரண்டின் மகரந்தத்தையும் பெண் பூவின் குறியில் நன்றாகத் தடவி, பெண் பூவின் இதழைத் திரும்பச் சேர்த்துக் கட்டிவிடுங்கள். காம்பில் திகதி எழுதிய சீட்டைத் தொங்கவிடுங்கள். அந்தக் காயைக் காம்பு காய்ந்து கட்டையாகும்வரை கொடியிலேயே விட்டு, பறித்த பின்னும் மூன்று கிழமை நிழலில் வைத்துவிட்டு வெட்டினால் விதை முற்றி நிறைந்திருக்கும். கழுவி, நிழலில் உலர்த்தி, சாம்பல் கலந்து போத்தலில் அடையுங்கள்.